காபிச் செடியைக் காப்பாற்ற முடியாதவர், செடிக்குள் இருக்கும் காவலைக் கண்டது எப்படி? மார்ஷல் வார்டின் கதை

முதலமடை ரயில் நிலையத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்காவிட்டாலும் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். பாலக்காடு - பொள்ளாச்சி பாதையில், ஆலமரங்கள் பிளாட்பாரத்துக்கே கூரை போட்டது போல நிற்கும் சின்ன ஸ்டேஷன். கேரளாவின் மாம்பழ நகரம் என்று இந்த ஊருக்குப் பெயர். மற்ற இடங்களில் மாமரம் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே, ஜனவரியிலேயே இங்கிருந்து காய் சந்தைக்குப் போக ஆரம்பித்துவிடும். மாநில எல்லை பக்கத்திலேயே இருப்பதால் டீக்கடைப் பேச்சில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே ஓடும்.

சீசனில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்த அன்று பழம் பளபளவென்று இருக்கிறது. மூன்றாவது நாள் தோலில் கரும்புள்ளி, ஐந்தாவது நாள் பாதி பழம் கறுத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பீர்கள். உண்மையில் அந்தப் பூஞ்சை உங்கள் வீட்டில் வந்து ஒட்டியது இல்லை. காய் மரத்தில் பிஞ்சாக இருந்தபோதே தோலுக்குள் நுழைந்து, வாரக்கணக்கில் அடங்கிக் கிடந்தது. அதுவரை அதை அடக்கி வைத்திருந்தது யார்?

பதில்: அந்தக் காயேதான். செடிகொடிகளுக்கும் நோய் எதிர்ப்பு சக்தி உண்டு. எதிரியை அடையாளம் காண்பது, அலாரம் அடிப்பது, தேவைப்பட்டால் தன் செல்லையே பலி கொடுப்பது என்று பல வேலைகளை அது செய்கிறது. இதை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்த்து எழுதிய முன்னோடிகளில் ஒருவர் ஹாரி மார்ஷல் வார்டு. முதலமடைக்குத் தெற்கே தெரியும் நெல்லியாம்பதி மலையில் இன்றும் விளைகிற காபிக்கும், நீங்கள் தினமும் குடிக்கும் இலங்கைத் தேயிலைக்கும், மலையகத் தமிழர்களின் வரலாற்றுக்கும் இவர் கதையோடு தொடர்பு இருக்கிறது.

யார் இந்த வார்டு?

1854-ல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரில் பிறந்தவர். அப்பா இசைக்கலைஞர், வசதியான குடும்பம் கிடையாது. லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியின் வகுப்பில் உயிரியல் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1879-ல் முதல் வகுப்பில் தேறினார். ஜெர்மனியில் அன்றைய பெரிய தாவரவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் கொஞ்ச காலம் பயிற்சி.

அப்போதுதான் ஒரு வேலை வந்தது. இலங்கை அரசுக்குப் பூஞ்சை தெரிந்த ஒரு தாவரவியலாளர் தேவை. இரண்டு வருஷம்தான். பிரச்சினை ஒன்றே ஒன்று: தீவின் காபித் தோட்டங்கள் செத்துக்கொண்டிருந்தன. 1880-ல் கப்பலில் வந்து இறங்கியபோது வார்டுக்கு வயது 26-ஐ ஒட்டி. இதைப் படிக்கும் உங்களில் பலரின் வயசுதான்.

காபிக்கு என்னாச்சு?

தேயிலைக்கு முன்னால் இலங்கையின் மலைநாடு முழுக்கக் காபிதான். காட்டை வெட்டி, மலைக்கு மலை காபி நட்டிருந்தார்கள். 1870 வாக்கில் தீவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு எடைக் காபி ஏற்றுமதி ஆனது.

1869-ல் மடுல்சீமைப் பகுதித் தோட்டத்தில், காபி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும், இரும்புத் துரு மாதிரி. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் த்வெய்ட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை நிபுணர் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் வித்து ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முள்ளாகவும் இருக்கும். பெயரின் முதல் பாதி அதைக் குறிக்கிறது. இரண்டாம் பாதிக்கு 'நாசம் செய்வது' என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை.

துரு பிடித்த இலை உதிரும். செடி மறுபடி துளிர்க்கும், அதுவும் உதிரும். இப்படியே இரண்டு மூன்று வருஷம் போனால் காய் பிடிக்கச் செடியில் சத்து இருக்காது. மண் களைத்துவிட்டது, மழை சரியில்லை, உரம் பத்தவில்லை, செடி பலவீனமானதால்தான் பூஞ்சை வந்தது என்று துரைமார்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்த்தார்கள். நோய் அடங்கவில்லை. சில வருஷங்களில் தென்னிந்தியக் காபி மலைகளுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டு வருஷத்தில் அவர் என்ன செய்தார்?

வார்டு முதலில் மருந்து தேடவில்லை. இந்தப் பொடி எங்கிருந்து வருகிறது, எப்படி இலைக்குள் போகிறது, உள்ளே போய் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தார்.

ஆரோக்கியமான இலையில் ஒரு துளி தண்ணீர் விட்டு அதில் வித்துகளை வைத்தார். வித்து முளைத்தது. மெல்லிய குழாய் ஒன்று நீண்டு, இலை மூச்சு விடும் சிறு துளைகளைத் தேடிப் போய் நுழைந்தது. உள்ளே இழைகளாகக் கிளைத்தது. சில வாரங்களில் அதே இடத்தில் ஆரஞ்சுப் பொடி வந்தது. வித்து வைக்காத இடத்தில் வரவில்லை. ஆக, மண்ணோ மழையோ செடியின் பலவீனமோ நோயைப் பிறப்பிக்கவில்லை. பூஞ்சைதான் நோயைக் கொண்டுவருகிறது. ஈரம் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் பறந்து வரும் வித்துகளைப் பிடித்தார். இலையில் உள்ள ஒரே ஒரு துருப் புள்ளி, மாதக்கணக்கில் லட்சக்கணக்கான வித்துகளைக் கொட்டும். காற்று அடிக்கும் திசையெல்லாம் காபி. இடையில் தடுப்பதற்கு வேறு மரமே இல்லை. எங்கே விழுந்தாலும் அதற்கு சாப்பாடு.

இங்கேதான் அவருடைய அறிக்கை இன்றைக்கும் பொருந்துகிறது. ஒரே பயிரை மலை முழுக்க இடைவெளி இல்லாமல் நட்டதே நோய் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் என்று அவர் கண்டார். நடுநடுவே காற்றுத் தடுப்பு மரங்கள் வேண்டும், மருந்து அடித்தால் வித்து உள்ளே நுழையும் முன்பே இலையின் மேல் இருக்க வேண்டும் என்றும் விளக்கினார். நுழைந்த பிறகு மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே இருக்கும் இழையைத் தொட முடியாது.

அப்போ காபி பிழைத்ததா?

இல்லை. துரைமார்களுக்கு வேண்டியது உடனடி மருந்து. வார்டு கொடுத்தது விளக்கம். 1882-ல் கான்ட்ராக்ட் முடிந்து அவர் ஊர் திரும்பினார். செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களிலிருந்து உலகுக்குத் தெரியவந்தது 1885-ல். அவர் சொன்னபடி நுழைவதற்கு முன்பே தடுக்கும் மருந்து அதுதான். தென்னிந்தியக் காபித் தோட்டங்களில் மழைக்கு முன்னால் இன்றும் அதை அடிக்கிறார்கள். வார்டுக்கு அது மூன்று வருஷம் தாமதமாக வந்தது.

காபியை நம்பிக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884-ல் கவிழ்ந்தது. 1880-களின் முடிவில் காபி ஏற்றுமதி சுமார் 50 லட்சம் பவுண்டுக்குச் சுருங்கியது. 10 கோடியிலிருந்து 50 லட்சம்: இருபதில் ஒரு பங்கு.

காபி பிடுங்கிய இடத்தில் தேயிலை வந்தது. பயிர்தானே மாறியது என்று தோன்றும். ஆனால் இதில் மாறியது நம் மக்களின் வாழ்க்கை. காபிக்குப் பறிப்புக் காலம் என்று ஒன்று உண்டு. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து போனவர்கள், சீசன் முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் காலராவிலும் இறந்தவர்கள் ஏராளம். தேயிலைக்கு சீசன் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் குடும்பமாக லயன் வீடுகளில் தங்கினார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

1948-ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பூஞ்சையே காரணம் என்று சொல்ல முடியாது. சட்டம் போட்டது மனிதர்கள்தான். ஆனாலும் இலங்கை மலையை காபியிலிருந்து தேயிலைக்குத் தள்ளியதில் அந்த ஆரஞ்சுப் பொடிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு செடியால் ஒரு எதிரியை அடையாளம் காண முடியாமல் போனால், அதன் விலையைச் செடி மட்டும் கொடுப்பதில்லை.

ஊர் திரும்பிய பிறகு?

மான்செஸ்டரில் ஆசிரியர் வேலை. 1883-ல் திருமணம். 1885-ல் பிறந்த மகன் ஃபிராங்க் கிங்டன்-வார்டு, பின்னாளில் திபெத், பர்மா, அசாம் மலைகளில் அலைந்து புதுப்புதுச் செடிகளைத் தேடியெடுத்த பிரபல தாவர வேட்டையாளர் ஆனார். அதே 1885-ல் வார்டு கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த இந்தியப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். இந்தியாவுக்கு வரவிருந்த வன அதிகாரிகள் அங்கே அவரிடம் தாவரவியல் படித்தார்கள். 1895-ல் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது.

இந்த இடைவெளியில் அவர் செய்த ஒரு வேலையைக் கவனியுங்கள். 1888-ல் லில்லிப் பூச்செடியை அழிக்கும் ஒரு பூஞ்சையை ஆராய்ந்தார். அது துருப் பூஞ்சை மாதிரி நடந்துகொள்ளவில்லை. நொதிகளை வெளியே கக்கி, செல் சுவரைக் கரைத்து, செல்லைக் கொன்றுவிட்டுத்தான் சாப்பிட்டது.

துருப் பூஞ்சை அப்படி இல்லை. அது செல்லுக்குள் உறிஞ்சு குழலை நுழைத்து, செல் உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். செல் செத்தால் அதற்கும் சாப்பாடு போச்சு. ஒன்று கொன்று தின்பது, இன்னொன்று ஒட்டி வாழ்வது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதற்கு இதுதான் சாவி.

1902-ல் அவர் பார்த்தது என்ன?

கேம்பிரிட்ஜில் வார்டு ப்ரோம் என்ற புல் வகைகளையும், அவற்றைத் தாக்கும் பழுப்புத் துருவையும் எடுத்துக்கொண்டார். சில புல் வகைகளில் துரு கொத்தாக வரும். சிலவற்றில் வரவே வராது. ஏன்?

அன்றைக்கு எளிதாகத் தோன்றிய பதில், இலையின் அமைப்பு. தோல் தடிமனாக இருக்கலாம், மயிர் அதிகமாக இருக்கலாம், இலைத்துளை சின்னதாக இருக்கலாம். வார்டு இவற்றையெல்லாம் அளந்து பார்த்தார். எதுவும் ஒத்துவரவில்லை. துரு வரும் புல்லுக்கும் வராத புல்லுக்கும் அமைப்பில் அப்படி ஒரு நிலையான வித்தியாசம் இல்லை.

பிறகு இலையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். நோய் வராத புல்லிலும் வித்து முளைத்தது. குழாய் இலைத்துளை வழியே உள்ளேயும் போனது. கதவு பூட்டியே இல்லை! ஆனால் உள்ளே போய் செல்லைத் தொட்டதும் கதை மாறியது. அந்த இடத்துச் செல்கள் மளமளவென்று செத்து விழுந்தன. பூஞ்சை இழையும் அதோடு வாடி நின்றது. நோய் வரும் புல்லிலோ செல் சாகவில்லை. பூஞ்சை நிம்மதியாக வளர்ந்து பரவியது.

தலைகீழாக இருக்கிறது, இல்லையா? செல் சீக்கிரம் செத்த செடி பிழைத்தது. செல் சாகாத செடி நோயில் விழுந்தது. உயிருள்ள செல்லை நம்பி வாழும் பூஞ்சைக்கு, சுற்றியுள்ள செல்கள் செத்துவிட்டால் பட்டினிதான். இந்த நிகழ்வுக்கு 1915-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டாக்மன் 'மிகை உணர்வு' என்ற பொருளில் பெயர் வைத்தார். இன்றும் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர்தான்.

வார்டுக்கு இந்தத் தற்கொலையைத் தூண்டியது எது என்று தெரியவில்லை. நொதி, நஞ்சு, நச்சுமுறி போன்றவை செல்லுக்கும் பூஞ்சைக்கும் இடையில் வேலை செய்கின்றன என்று யூகித்தார். திசை சரிதான். ஆனால் அதைப் பார்க்கும் கருவி வர இன்னும் 90 வருஷம் இருந்தது.

சரி, அந்தச் செல் ஏன் செத்தது?

நம் உடம்பில் ரத்தத்தோடு ரோந்து சுற்றும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. செடிக்கு ரோந்து கிடையாது, ஆன்டிபாடி கிடையாது. அதனால் ஒவ்வொரு செல்லும் தன் வீட்டைத் தானே காவல் காக்க வேண்டும். அந்தக் காவலர்கள் ஏற்பிப் புரதங்கள், அதாவது ரிசப்டர்கள். அவை இரண்டு அடுக்காக இருக்கின்றன.

முதல் அடுக்கு, செல்லின் வெளிச்சவ்வில். ஒரு தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வால் உள்ளே இருக்கும். எந்தக் கிருமி என்று இது பார்க்காது. கிருமிகளுக்கே உரிய பொதுவான துண்டு எதாவது தட்டுப்படுகிறதா என்று பார்க்கும். பூஞ்சையின் சுவரில் கைட்டின் இருக்கும், செடியில் இருக்காது. நீந்தும் பாக்டீரியாவின் வால் ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தால் ஆனது. அதில் 22 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு போதும், எஃப்எல்எஸ்2 என்ற ஏற்பி பிடித்துக்கொள்ளும். 2000-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

பிடித்தவுடன் என்ன நடக்கும்? ஏற்பி இன்னொரு புரதத்தோடு ஜோடி சேரும். உள்ளே இருக்கும் வால் பகுதி ஒன்றன் மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டிச் செய்தியைக் கடத்தும். சில நிமிடங்களுக்குள் கால்சியம் செல்லுக்குள் பாயும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற காரமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்பும். செல் சுவர் உள்பக்கமாக தடிக்கும். கருவுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆன் ஆகும். பெரும்பாலான கிருமிகள் இந்த இடத்திலேயே தோற்றுவிடும். நீங்கள் நடந்துபோகும் வழியில் பார்க்கும் செடிகள் எல்லாம் பச்சையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் தேர்ந்த கிருமி சும்மா வராது. இந்த அலாரத்தை அணைக்கும் புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பும். அப்போது தேவைப்படுவது இரண்டாவது அடுக்கு. இது செல்லுக்குள்ளேயே இருக்கிறது. என்எல்ஆர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஏற்பிகள், கிருமி அனுப்பிய அந்தப் புரதத்தையே அடையாளம் காணும். சில நேரடியாகப் பிடிக்கும். சில இன்னும் தந்திரமானவை: செல்லில் முக்கியமான ஒரு புரதத்தின் பக்கத்தில் காவலுக்கு நிற்கும், அதை யாராவது தொட்டு மாற்றினால் விழித்துக்கொள்ளும். வீட்டுக்குள் வந்த திருடனின் முகம் தெரியாவிட்டாலும் பீரோ திறந்திருப்பது தெரிகிற மாதிரி.

விழித்துக்கொண்ட என்எல்ஆர் என்ன செய்கிறது என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. 2019-ல் சீன ஆய்வாளர்கள் இசட்ஏஆர்1 என்ற ஏற்பியின் வடிவத்தை வெளியிட்டார்கள். ஐந்து புரதங்கள் ஒன்றுகூடி ஒரு சக்கரம் ஆகின்றன. நடுவில் ஒரு புனல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புனல் செல் சவ்வில் துளை போடுகிறது, அதன் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது, செல் சாகிறது. 2022-ல் கோதுமையின் எஸ்ஆர்35 ஏற்பியும் இதே மாதிரி ஐந்து பேர் சக்கரமாகிக் கால்சியத்துக்கு வழி விடுகிறது என்று தெரிந்தது. எஸ்ஆர்35 பிடிப்பது எதை? கோதுமைத் தண்டுத் துருப் பூஞ்சையின் புரதத்தை.

1902-ல் வார்டு பார்த்தது புல் இலையில் துருப் பூஞ்சை தொட்ட செல் சாவதை. 120 வருஷம் கழித்து, அதே புல் குடும்பத்தில், அதே துருப் பூஞ்சைப் பேரினத்தில், அந்தச் சாவுக்கான இயந்திரம் கண்ணுக்குத் தெரிந்தது.

வார்டு எங்கே தவறினார்?

எல்லாம் சரியாகச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். ஒரு புல் வகையைத் தாக்கத் தெரியாத துரு, இடையில் வேறொரு வகையில் வளர்ந்து பழகிக்கொண்டு, பாலம் கடப்பது போல முதல் வகைக்கும் வந்துவிடும் என்று அவர் கருதினார். அடுத்து வந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள், அது நிற்கவில்லை. பூஞ்சை பழகிக்கொள்வதில்லை. அதில் ஏற்கெனவே பல இனங்கள் கலந்திருக்கும், அல்லது புதிய மாற்றம் தோன்றும். எந்த இனத்துக்கு அந்தச் செடி ஏதுவாக இருக்கிறதோ அது பெருகும்.

அவருடைய கேம்பிரிட்ஜிலேயே 1905-ல் ரௌலண்ட் பிஃபன், கோதுமையின் மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டல் விதிப்படி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று காட்டினார். அதாவது எதிர்ப்பு மரபணுவில் இருக்கிறது, இனக்கலப்பு மூலம் கொண்டுவரலாம். 1940-களில் அமெரிக்காவில் ஃப்ளோர், ஆளிவிதைச் செடியையும் அதன் துருவையும் வைத்து, செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் பூஞ்சையில் ஒரு ஜோடி மரபணு உண்டு என்று நிறுவினார். பூட்டும் சாவியும் போல. பூஞ்சை தன் பக்கத்து மரபணுவை மாற்றிக்கொண்டால் செடிக்கு அது தெரியாது.

வார்டு பிஃபனின் முடிவைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. 1906 ஆகஸ்டில், 52 வயதில், நீண்ட உடல்நலக் குறைவுக்குப் பிறகு டார்கீ நகரில் இறந்தார்.

அப்போ நோயே வராத ரகம் சாத்தியமா?

கொஞ்ச காலத்துக்கு சாத்தியம். 1911 வாக்கில் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர், துரு பிடிக்காத ஒரு காபிச் செடியைக் கண்டெடுத்தார். கென்ட்ஸ் என்ற அந்த ரகம் வேகமாகப் பரவியது. பிறகு அதையும் தாக்கும் துரு இனம் வந்துவிட்டது. கர்நாடகாவின் பாலேஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய காபி ஆய்வு நிலையம் அடுத்த முயற்சியைச் செய்தது. லைபீரிகா காபி இனத்திலிருந்து ஒரு எதிர்ப்பு மரபணுவை அராபிகாவுக்குள் கொண்டுவந்த எஸ்.795 ரகம் 1940-களில் வெளியானது. நீங்கள் குடிக்கும் தென்னிந்திய அராபிகாவில் இன்றும் அதற்குக் கணிசமான இடம் உண்டு. அதன் எதிர்ப்பும் எல்லா இடத்திலும் முழுசாக நிற்கவில்லை.

பாடம் என்ன? ஒரே ஒரு ஏற்பியை நம்பி லட்சம் ஏக்கர் நட்டால், பூஞ்சைக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். வார்டு இலங்கை மலையில் பார்த்த ஒரே பயிர் ஆபத்து, இப்போது மரபணு அளவில் திரும்பி வருகிறது. அதனால்தான் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குகிறார்கள். நமக்குப் பக்கத்து உதாரணம், 2008-ல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. ஹைதராபாத்தின் சிசிஎம்பி நிறுவனமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து உருவாக்கியது. பாக்டீரியல் இலைக்கருகல் நோய்க்கு எதிரான மூன்று மரபணுக்கள் அதில் இருக்கின்றன. அதில் ஒன்றான எக்ஸ்ஏ21, ஆப்பிரிக்கக் காட்டு நெல்லில் இருந்து வந்த செல் மேற்பரப்பு ஏற்பி. சாதாரண இனக்கலப்பிலேயே, டிஎன்ஏ அடையாளங்களை வைத்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள்.

மறுபடி முதலமடைக்கு வருவோம்

மாவில் கரும்புள்ளி கொண்டுவரும் கொலட்டோட்ரைக்கம் பூஞ்சை, காபித் துரு மாதிரி வெறும் ஒட்டுண்ணி இல்லை. முதலில் பதுங்கும், பிறகு கொல்லும். பச்சைக் காயின் தோலில் பூஞ்சையை அடக்கும் வேதிப்பொருட்கள் இருக்கின்றன. காய் பழுக்கப் பழுக்க அவை குறையும். அந்த நேரத்துக்காகத்தான் பூஞ்சை காத்திருக்கிறது. உங்கள் பெட்டியில் மூன்றாவது நாள் வந்த புள்ளிக்கு அர்த்தம் இதுதான். இப்படிக் கொன்று தின்னும் கட்டத்துக்கு வந்துவிட்ட பூஞ்சைக்கு, செல் தற்கொலை செய்தால் இன்னும் வசதி. துருவுக்கு எதிராக வேலை செய்யும் ஆயுதம் இங்கே உதவாது. லில்லியிலும் புல்லிலும் வார்டு பார்த்த இரண்டு வேறு வாழ்க்கைகள், மாவில் ஒரே பூஞ்சைக்குள் அடுத்தடுத்து நடக்கின்றன.

இன்னொரு சங்கடம்: நெல்லில் புது ரகம் கொண்டுவரச் சில வருஷங்கள் போதும். மாங்கன்று மரமாகிக் காய்க்கவே வருஷங்கள் ஆகும். தோப்பில் நிற்பவை ஒட்டு மரங்கள், அதாவது ஒரே தாயின் நகல்கள். ஒரு மரத்தின் ஏற்பிகளுக்குத் தெரியாத பூஞ்சை, அதே ரகத்து மற்ற மரங்களுக்கும் தெரியாது. அதனால் விவசாயி மருந்தடிப்பையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. மருந்து விலையும், அடிக்கும் ஆளின் உடம்பும், தோப்பை ஒட்டிய வீடுகளும் அந்தக் கணக்கில் வருகின்றன.

இதற்கு ஒரே நாளில் தீர்வு இல்லை. ஆனால் செய்யக்கூடியவை வார்டு காலத்திலிருந்தே தெரிந்தவைதான். கருகிய கிளையை வெட்டி எடுப்பது, மரத்துக்குள் காற்றும் வெயிலும் போகும்படி கவாத்து செய்வது, மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் பூஞ்சை நுழைவதற்கு முன் அளவோடு அடிப்பது, தோப்பு முழுக்க ஒரே ரகம் இல்லாமல் பார்ப்பது. பறித்த காயை அளவான சூட்டில் வெந்நீரில் சிறிது நேரம் முக்கி எடுத்தால் தோலில் பதுங்கியிருக்கும் பூஞ்சை கணிசமாகக் குறையும். ஏற்றுமதிக்குப் போகும் பழத்துக்கு இந்த முறை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த முறை மாம்பழத் தோலிலோ தெருவோரச் செடியின் இலையிலோ ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரிதாகி ஓரம் மஞ்சளாகிப் பரவினால் அது நோய். பரவாமல் அந்தப் புள்ளியோடு நின்றுவிட்டால், சில செல்கள் எதிரியை அடையாளம் கண்டு, தாங்கள் செத்து, இலையைக் காப்பாற்றிய இடமாகவும் அது இருக்கலாம்.